ஆறாம் பிரிவிலிருந்து பதில் இல்லை

— ஆறாம் பிரிவுப் பெட்டியை நூறு தடவை கூப்பிட்டுப் பாத்தேன் ஜெரே. முப்பத்தோரு தடவைதான் பதில் வந்துச்சு. மிச்சம் அறுபத்தொன்பதும் வழியிலேயே தொலைஞ்சு போச்சு. மறுபடி அந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருய்யா.

— திறந்துதான் வெச்சிருக்கேன், குரங்கு தின்னி. எழுநூறு மீட்டர் ஆழத்துல, ஆளுங்களை ஏத்தி இறக்குற கூண்டு வந்து நிக்கிற இடத்துல, சேத்துல நின்னுக்கிட்டு உன் பெட்டியைத்தான் பச்சைக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டிருக்கேன். எல்லா விளக்கும் எரியுது. எனக்கு ஒரு குறையும் தெரியல.

— விளக்கு எரியுறதுக்கு என்ன, கேபிள்ல உயிர் இருந்தாப் போதும் எரியும். அது வழியாப் போறது உடையாமப் போகுதாங்கிறது வேற விஷயம். இங்க மேல, கட்டுப்பாட்டு அறையில, என் திரையில உடைஞ்ச தகவல் பாக்கெட் கணக்கு ஏறிக்கிட்டே இருக்கு. நீ பேச ஆரம்பிச்சப்ப நாலாயிரத்து இருநூறு. இப்ப நாலாயிரத்து அறுநூறு. எலி தின்னுற வாய் கொஞ்ச நேரம் மூடட்டும், கை வேலை செய்யட்டும்.

— உங்க பெம்பா, ங்கோனி இனக் கேலியை எல்லாம் சனிக்கிழமை ஃபுட்பால் மைதானத்துல வெச்சுக்கங்க ரெண்டு பேரும். மணி ஒண்ணு ஐம்பது. ரெண்டரைக்கு வெடி.

— தெரியும் சிம்வான்சா ஐயா.

— தெரிஞ்சா சரி. ஆறாம் பிரிவுல வெடிமருந்து அடைச்சு மூணு மணி நேரமாச்சு. ஆளுங்க எல்லாரும் மேல வந்தாச்சு. விளக்கு அறையில ரெண்டு தடவை எண்ணிட்டாங்க. இன்னைக்கு இந்தச் சுரங்க வாய் வழியா இறங்கின இருநூத்துப் பதினாலு தலைவிளக்குல இருநூத்துப் பதிமூணு ஆணியில தொங்குது. பாக்கி ஒண்ணு ஜெரே தலையில இருக்கு. அவன் ஏறி வந்தா முடிஞ்சுது. அப்புறம் எதுக்கு வெடி இயந்திரம் பூட்டிக்கிட்டு நிக்குது, சொல்லு?

— ஆறாம் பிரிவுல அட்டை படிக்கிற கருவி பதில் சொல்லல ஐயா. உள்ள யாரும் இல்லைன்னு அது சொன்னாத்தான் இயந்திரம் பூட்டைத் திறக்கும். அது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது.

— கருவிக்கு வாய் இல்லைன்னா, எனக்குச் சாவி இருக்கு. இதோ கழுத்துல தொங்குது. உன் நெட்வொர்க்கைக் கேக்காமலே என்னால வெடிக்க முடியும். விதி அதுக்கு இடம் குடுக்குது.

— முடியும் ஐயா. ஆனா ரெண்டரை வரைக்கும் எனக்கும் நேரம் குடுக்குது. பொறுங்க.

— ஏ கபாசோ, அவர் சாவியை ஆட்டுறது எனக்கு இங்க போன்ல கேக்குது.

— நீ இதைக் கேளு. உன் பெட்டிக்கும் ஆறாம் பிரிவுப் பெட்டிக்கும் நடுவுல ரெண்டு கிலோமீட்டர் கண்ணாடி இழை கேபிள் ஓடுது. ரெண்டு முனையும் ஒரே வேகத்துல, ஒரே மாதிரி பேசுதான்னு பாத்துட்டேன். பேசுது. யாரும் கையை வெச்சு மாத்தல. அப்போ கோளாறு பெட்டி அமைப்புல இல்ல, வழியில இருக்கு. அங்கிருந்து வர்ற வெளிச்சம் போன வாரத்தைவிடப் பாதிதான் எனக்குக் கிடைக்குது. உன் பெட்டியில மேல் வரிசை, கடைசிச் செருகு முளை. மஞ்சள் கேபிள். அதைக் கழட்டு.

— கழட்டினா முப்பத்தோரு பதிலும் போயிடுமேடி.

— போகட்டும். கழட்டிட்டு முனையைப் பாரு. கண்ணுக்கு நேராப் பிடிக்காதே, அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது.

— இருபத்தியாறு வருஷமா சுரங்கத்துல மின்சார வேலை பாக்குறவனுக்கு நேத்து டிப்ளமா வாங்கினவ பாடம் எடுக்குறா. கழட்டிட்டேன். ம். ஆமா. ஏதோ பனி படிஞ்ச மாதிரி இருக்கு. மேல பாறையில இருந்து நேரா இதுமேலதான் சொட்டுது. மூடி உடைஞ்சு கிடக்கு.

— அதான். துடை. உன் பனியன்ல இல்ல, பையில ஸ்பிரிட் தொட்ட துணி இருக்கும், அதுல.

— பனியன்ல துடைக்கப் போறேன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?

— போன தடவை அதுலதானே துடைச்சே. துடைச்சிட்டு அந்தச் சின்ன இணைப்புக் கேபிளையே தூக்கிப் போடு, புதுசு போடு. மேல ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவுத்துக் கட்டு.

— மணி ரெண்டு அஞ்சு.

— கேக்குது ஐயா.

— மேனேஜர் இப்பதான் போன் பண்ணினார். இன்னைக்கு வெடி தவறினா மத்தியான ஷிப்டு ஆளுங்க இருநூறு பேர் அள்ளுறதுக்குக் கல்லு இல்லாம நிப்பாங்க. போன வாரமே ரெண்டு தடவை தவறிப்போச்சு. அவர் என்னைக் கேக்குறார். நான் உன்னைக் கேக்குறேன்.

— போட்டுட்டேன் கபாசோ. இப்ப கூப்பிட்டுப் பாரு.

— கூப்பிடுறேன். பத்துக்குப் பத்து. இருபது. அம்பதுக்கு அம்பது. நூத்துக்கு நூறு! உடைஞ்ச பாக்கெட் கணக்கு நின்னுடுச்சு. ஜெரே, உனக்கு என் கையால வறுத்த கம்பளிப்புழு ஒரு தட்டு.

— அதை உன் கணவனுக்குக் குடு. எனக்குச் சொந்த ஊர் எலி போதும். நான் ஏறி வரலாமா?

— வா. கூண்டுக்காரனுக்கு மணி அடி. கபாசோ, பூட்டுத் திறந்துச்சா?

— இல்ல ஐயா.

— என்ன இல்ல? நூத்துக்கு நூறுன்னு இப்பதானே சொன்னே?

— ஆறாம் பிரிவுப் பெட்டி வரைக்கும் நூத்துக்கு நூறு. அந்தப் பெட்டியில இருந்து கருவிக்கு ஒரு செம்புக் கேபிள் போகுது, நாப்பது மீட்டர். அதுதான் இப்ப நிலையா நிக்கல. இணைப்பு விழுது, எழும்புது, மறுபடி விழுது. இவ்வளவு நேரம் வழியில எல்லாம் உடைஞ்சதால அந்தப் பெட்டி அனுப்பின குறிப்பு எதுவும் எனக்கு முழுசா வரல. இப்பதான் வருது.

— அப்போ ரெண்டு கோளாறு.

— ரெண்டு. முதல் கோளாறு ரெண்டாவதை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு.

— செம்பு கேபிளா? எவனாவது வெட்டித் திருடப் பாத்திருப்பான். இல்லைன்னா முளை லொடலொடன்னு இருக்கும். நாளைக்குக் காலையில ஆள் அனுப்பி மாத்திக்கலாம். நீ பாக்க வேண்டியதைப் பாத்துட்டே. ஜெரே, ஏறு.

— கூண்டு வந்துக்கிட்டிருக்கு சார்.

— ஐயா, ஒரு நிமிஷம். அந்தப் பெட்டி எங்க மாட்டியிருக்கு?

— ஆறாம் பிரிவு பம்பு அறையில. சுவத்துல.

— பம்பு ஓடுற அதிர்வுல முளை ஆடுமோன்னு பாத்தேன். ஆனா பம்பு பன்னிரண்டே முக்காலுக்கே நின்னுபோச்சு. இங்கே தெரியுது.

— அது பழைய பம்பு. நின்னு நின்னு ஓடும்.

— நின்ன பம்பு அதிராது ஐயா. ஜெரே, இன்னும் ஏறலையே நீ?

— கூண்டுக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என்ன?

— நான் வாசிக்கிறேன், கேளு. ரெண்டு ஒன்பதுக்குப் பத்தாவது வினாடி, இணைப்பு விழுந்தது. பதினாலு, எழுந்தது. பதினெட்டு, விழுந்தது. இருபத்திரண்டு, எழுந்தது. இருபத்தாறு, விழுந்தது. முப்பது, எழுந்தது. அப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல.

— சரி.

— ரெண்டு பத்தரைக்கு மறுபடி. விழுந்தது, எழுந்தது. விழுந்தது, எழுந்தது. விழுந்தது, எழுந்தது. மறுபடி ஒரு நிமிஷம் சும்மா.

— எலி கடிக்குதோ என்னவோ.

— எலியைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்? சொல்லு. எலிக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமா?

— எங்க ஊர் எலிக்குக்கூடத் தெரியாது கபாசோ.

— என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்? தளர்ந்த முளை அப்படித்தான் விட்டு விட்டு வேலை செய்யும்.

— விட்டு விட்டு வேலை செய்யும் ஐயா. ஆனா சமமா விடாது. ஈரம் பட்டா, வயர் நசுங்கினா, துரு ஏறினா, அந்தக் கோளாறு எல்லாம் தாறுமாறாத்தான் வரும். நாலு வினாடி, நாலு வினாடி, நாலு வினாடின்னு அளந்து வராது. இதோ வருது பாருங்க. நீங்களே பாருங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு.

— தற்செயல்.

— யாரோ முளையைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுறாங்க.

— யாரும் உள்ள இல்ல! விளக்கு அறை சொன்னதை நீயும் கேட்டே. நம்ம பட்டியல்ல ஒரு ஆள் பாக்கியில்ல. மணி ரெண்டு பன்னிரண்டு. ஜெரே, கூண்டுல ஏறு. இது உத்தரவு.

— ஏறாதே ஜெரே.

— கபாசோ!

— மன்னிச்சுக்கங்க ஐயா. ஜெரே, உன் விளக்கு ஆணிக்கு வராத வரைக்கும் எந்தச் சாவியாலயும் வெடிக்க முடியாது. கருவி ஊமையானா விதி விட்டுக்குடுக்கும். ஒரு விளக்கு கீழ இருந்தா விட்டுக்குடுக்காது. அங்கேயே இரு.

— அவளுக்கு உத்தரவு போட அதிகாரம் இல்ல. ஜெரே, நீ ஏறலைன்னா உன்மேல புகாரை எழுத்துல குடுப்பேன். ஓய்வூதியத்துக்கு உனக்கு இன்னும் எத்தனை வருஷம்?

— மூணு சார்.

— மூணு வருஷம். யோசிச்சுக்கோ.

— யோசிக்கிறேன் சார். என் மாடுங்க மேல சத்தியமா, எனக்கு ஏறி வரணும்னுதான் ஆசை. ஆனா திடீர்னு வயித்தைக் கலக்குது. காலையில தின்ன கபெந்தா மீன் சரியில்ல போல. கூண்டுல ஏறினா அசிங்கமாயிடும். இதோ பெஞ்சுல உக்காந்துட்டேன். கூண்டை மேல அனுப்பிட்டேன்.

— ஜெரே.

— வயிறு சார். என்ன பண்ண?

— பத்து நிமிஷம் ஐயா. பத்தே நிமிஷம். நான் தப்புன்னா நாளைக்கு எனக்கும் சேத்து எழுதுங்க. கையெழுத்து போட்டுத் தர்றேன்.

— என்ன பண்ணப் போறே?

— அந்தப் பெட்டியில ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சின்ன பச்சை விளக்கு இருக்கு. கருவியோட இணைப்பை இங்க இருந்தே என்னால அணைக்க முடியும், ஏத்த முடியும். இருட்டுல யாராவது அதைப் பாத்துக்கிட்டிருந்தா கண்டிப்பாத் தெரியும். அவங்க மூணு தடவை செய்யுறாங்க. நான் நாலு தடவை செய்யப் போறேன்.

— செய். செஞ்சு முடி.

— அணைச்சேன். ஏத்தினேன். ஒண்ணு. அணைச்சேன். ஏத்தினேன். ரெண்டு. மூணு. நாலு. விட்டுட்டேன்.

— என்னடி ஆச்சு?

— சும்மா இரு ஜெரே.

— இங்க தண்ணி சொட்டுற சத்தத்தைத் தவிர ஒண்ணும் கேக்கல. பயமா இருக்கு, ஏதாவது பேசு.

— ஒண்ணும் வரல இன்னும்.

— ஒரு நிமிஷம் ஆயிடுச்சு கபாசோ. மூணு தடவைகூட இப்ப வரல. நின்னேபோச்சு. பாத்தியா? முளை தளர்ந்து கடைசியில கழண்டே விழுந்திருக்கும்.

— இணைப்பு நல்லா நிக்குது ஐயா. கழண்டு விழல. அவங்க கையை எடுத்துட்டாங்க. யோசிக்கிறாங்க.

— கேபிள் யோசிக்குமா?

— பொறுங்க. விழுந்தது.

— ஒண்ணு.

— எழுந்தது. விழுந்தது. எழுந்தது. ரெண்டு. மூணு.

— மூணோட நிக்கும். எப்பவும் போல மூணோட...

— விழுந்தது. எழுந்தது. நாலு ஐயா.

— கபாசோ? சிம்வான்சா சார்? யாராவது பேசுங்க. எத்தனை?

— நாலு, ஜெரே. நான் சொன்ன நாலைத் திருப்பிச் சொல்லிட்டாங்க. உள்ள ஆள் இருக்கு.

— அப்பா.

— ஐயா, உக்காருங்க. ஐயா.

— இந்தா. சாவியை நீ வெச்சுக்கோ. என்கிட்ட இருக்க வேண்டாம். அந்தக் கறுப்பு போனை எடு. வேண்டாம், நானே பேசுறேன். ஹலோ. வடக்கு வாய் விளக்கு அறையா? நான் தெற்கு வாய் கண்காணிப்பாளர். உங்க குழாய் வேலை ஆளுங்க... ஆமா, மூட்டாலே குழு. அவங்க விளக்கு ஆணிக்கு வந்துச்சா? போய்ப் பாத்துட்டு வா. ஓடு! ...எத்தனை? ஆறுமே வரலையா? எப்ப வந்திருக்கணும்? ஒரு மணிக்கா? அப்போ ஏன் யாரும் கேக்கல? சரி. சரி. மீட்புக் குழுவுக்கு மணி அடி. ரெண்டு வாய்லயும். வெடி நிறுத்தியாச்சு.

— ஆறு பேரா ஐயா?

— ஆறு பேர். பம்புக் குழாய் ரிப்பேருக்கு வந்தவங்க. பம்பு நின்னா அந்த அறையில தண்ணி ஏறும் கபாசோ. பன்னிரண்டே முக்காலுக்கு நின்னுதுன்னா...

— ஒண்ணரை மணி நேரம்.

— ஜெரே, உன் வயிறு எப்படி இருக்கு?

— நல்லாயிடுச்சு சார். இரும்புக் கம்பி எடுத்துக்கிட்டு முன்னாடி நடக்கவா?

— தனியாப் போகாதே. உள்ள மருந்து அடைச்ச துளை இருக்கு. மீட்புக் குழுவை அந்தக் கூண்டுலயே இறக்குறேன், அவங்ககூடப் போ. கபாசோ, நீ அந்த விளக்கை விடாதே. நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது சொல்லிக்கிட்டே இரு.

— என்ன சொல்ல?

— எதையாவது. ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்.

* * *

— கபாசோ! கேக்குதா? போன் வயரை இழுத்து உள்ளயே கொண்டாந்துட்டோம்.

— கேக்குது, சொல்லு. மணி அஞ்சே முக்கால். மூணு மணி நேரமா விளக்கை அணைச்சு ஏத்தி என் விரல் மரத்துப் போச்சு. சொல்லித் தொலை.

— ஆறு பேரும் இருக்காங்க.

— இருக்காங்கன்னா?

— உயிரோட இருக்காங்கடி! ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சிருக்கு. மத்தவங்களுக்கு நடுக்கம், அவ்வளவுதான். தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. கால் முறிஞ்சவனைப் பம்பு மேல ஏத்தி ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க. பன்னிரண்டே முக்காலுக்குப் பாறை சரிஞ்சு ரெண்டு பக்கமும் வழியை அடைச்சிருக்கு. அவங்க ரேடியோ வடக்கு வாய் அலை, இங்க எடுக்கல.

— முளையைப் பிடுங்கினது யாரு?

— இதோ பக்கத்துல போர்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கான். லிகாண்டோன்னு ஒரு லோசி இனத்துப் பையன். பையன்னா நாப்பது வயசு. உனக்கு நெட்வொர்க் தெரியுமாடான்னு கேட்டேன். ஒரு மண்ணும் தெரியாதுங்கிறான்.

— அப்புறம் எப்படி?

— போன மாசம் இங்க வேலைக்கு வந்தப்ப ஏணி தட்டி அந்த கேபிள் கழண்டுபோச்சாம். அஞ்சே நிமிஷத்துல ஒரு பொம்பளை போன்ல வந்து காது கிழியக் கத்தினாளாம். "எவன்டா என் கேபிள்ல கை வெச்சது"ன்னு. இன்னைக்கு எல்லாரும் பாறையைத் தட்டிக்கிட்டிருந்தப்ப இவன் சொல்லியிருக்கான், தட்டுறதை விடுங்க, இந்த கேபிளைப் பிடுங்குவோம், அவ சும்மா இருக்க மாட்டான்னு.

— அய்யோ.

— ஒரு மணிக்கு ஆரம்பிச்சிருக்கான். ஒரு மணி நேரத்துக்கு மேல யாரும் கத்த வரல. மத்தவங்க விட்டுடுன்னாங்களாம். இவன் விடல. அப்புறம் விளக்கு தானா நாலு தடவை சிமிட்டினதும் அழுதுட்டானாம். என்ன கபாசோ? அழுறியா? ஏ, குரங்கு தின்னி?

— இல்ல. சளி. அவன்கிட்ட சொல்லு, இனிமே எப்ப வேணா என் கேபிளைத் தொடலாம்னு.

— சொல்றேன். நாங்க ஏறுறோம். தூக்குப்படுக்கை முன்னாடி வரும். ஆம்புலன்ஸைக் கூண்டு வாசல்லயே நிக்கச் சொல்லு.

— நிக்குது. மெதுவா வாங்க.

— ஆறு பேரும் உயிரோட இருக்காங்களா?

— இருக்காங்க ஐயா. நீங்க போன் பக்கம் வரவே இல்லையே. வாசல்லயே நின்னுட்டீங்க.

— அங்கிருந்தே கேட்டேன். கேக்கப் பயமா இருந்துச்சு.

— தேநீர் ஊத்தித் தரவா? ஆறிப்போச்சு, ஆனா சர்க்கரை இருக்கு.

— வேண்டாம். மேனேஜர் ஏழு மணிக்கு அறிக்கை கேப்பார். எழுது.

— எழுத ஆரம்பிச்சுட்டேன். முதல் கோளாறு: கூண்டு நிலையப் பெட்டியில கண்ணாடி இழை முனையில ஈரம், உடைஞ்ச மூடி. அதனால பாக்கெட்டுகள் உடைஞ்சு ஆறாம் பிரிவுப் பெட்டியோட குறிப்புகள் வந்து சேரல. ரெண்டாவது: கருவி இணைப்பு விழுந்து எழுந்தது, மனுஷர் செஞ்சது. இனிமே குறிப்புகள் வராமப் போனாலே வெடியை நிறுத்தணும்னு ஒரு வரி சேர்க்கட்டுமா?

— சேர்.

— ஐயா, ஒண்ணு கேக்கலாமா?

— கேளு.

— நாலு திரும்பி வந்ததும் நீங்க நேரா வடக்கு வாய்க்குப் போன் போட்டீங்க. மூட்டாலே குழுன்னு பேர் சொல்லிக் கேட்டீங்க. உள்ள இருக்கிறது யாருன்னு எனக்கே அப்போ தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— எழுது கபாசோ. "காலை பதினொன்று பத்துக்கு வடக்கு வாயிலிருந்து தொலைபேசியில் அனுமதி கேட்டார்கள். மூட்டாலே குழுவினர் ஆறு பேரையும் பம்பு அறைக்குள் விட்டது கண்காணிப்பாளர் சிம்வான்சா. அதை ஆள் கணக்குப் பலகையில் எழுதாமல் மறந்தவரும் அவரே." கேபிளைப் பத்தி இருக்கிறதெல்லாம் அதுக்குக் கீழ வரட்டும்.